கலக்காமல் எடுத்த பால்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கணக்கு நோட்டில் ஒரு ஆட்டத்துக்கு ஒரு வரிதான்: எண், தேதி, கட்டியது, வந்தது. திட்டுவதற்கு இடம் கிடையாது. அதற்காகத்தான் உரக்கடையில் சும்மா கொடுத்த இந்த டைரியை எடுத்தேன். ஏழு மாதம் அலமாரியில் கிடந்து ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது. பரவாயில்லை, திட்டு வாங்கத்தானே போகிறது.

ஆட்டம் 712. இணையத்தில் போக்கர் டோர்னமென்ட். என்றைக்காவது என் மனைவி சாந்தாமணி இதை எடுத்துப் படித்தால் புரியட்டும் என்று ஒரே ஒரு தடவை விளக்கிவிடுகிறேன். இன்று 640 பேர் ஆளுக்கு 1,100 ரூபாய் கட்டி உட்கார்ந்தோம். எல்லோருக்கும் பந்தயம் வைக்க ஒரே அளவு காய். காய் தீர்ந்தவன் வெளியே. கடைசித் தொண்ணூறு பேருக்கு ஏதோ கொஞ்சம் வரும். பெரும் பணம் முதல் ஐந்து பேருக்கு. ஆகவே பத்தில் எட்டு நாள் கையை வீசிக்கொண்டு எழுந்து வரவேண்டியதுதான். மாதத்தில் ஒரு நாள் முதல் ஐந்துக்குள் வந்தால் மொத்த மாதமும் தேறிவிடும். ஒரு நாளை வைத்தோ ஒரு மாதத்தை வைத்தோ ஆடுகிறவன் கெட்டிக்காரனா, குருட்டு அதிர்ஷ்டக்காரனா என்று சொல்லவே முடியாது. குறைந்தது ஆயிரம் ஆட்டமாவது பார்க்க வேண்டும். பதினெட்டு வருஷம் இன்ஜினியரிங் காலேஜில் கணிதம் நடத்தியவன் சொல்கிறேன்.

ஜனவரியில் காலேஜை மூடிவிட்டு ஆறு லட்சத்து இருபதாயிரத்தைக் கையில் கொடுத்து அனுப்பியபோது சாந்தாமணியிடம் இதைத்தான் சொன்னேன். அவள் ஊர்ப் பால் சொசைட்டியில் டெஸ்டர், கொழுப்பைச் சோதித்துப் பாலுக்கு விலை போடுகிறவள். சண்டை போடுவாள் என்று நினைத்தால், தலையை ஆட்டினாள்.

"செரிதானுங்க. ஒருவேளைக் கறவையப் பாத்து மாடு வாங்குனா அதுக்குப் பேரு ஏமாளி. சந்தையில ரெண்டு வேளை கறக்காம உட்டு, மடிய வீங்க வெச்சல்லோ ஓட்டியாருவானுங்க. ஆயிரம் ஆடிப் பாருங்க. தேறுச்சுன்னா அதையே பண்ணுங்க. தேறலைன்னா மறுக்கா வாத்தியார் வேலைக்குப் போயிருங்க."

இதுதான் ஒப்பந்தம். எம்.எஸ்சி. மாணவனுக்கு ஒரு மணி நேரம் விளக்க வேண்டியதை ஒரே மாட்டில் முடித்துவிட்டாள்.

இன்று ஏஸ் ஜோடியோடு எல்லாக் காயையும் வைத்தேன். எதிராளியிடம் ஒன்பது ஜோடி. கடைசிச் சீட்டும் ஒன்பதாக வந்து, அவனுக்கு மூன்று ஒன்பது. கர்மம்! உடனே இன்னொரு 1,100 கட்டி மறுபடி உள்ளே போனேன். அதுவும் போயிற்று. மறு நுழைவை நான் நோட்டில் ஏற்றுவதில்லை. ஆட்டம் ஒன்றுதானே? பரீட்சையில் கூடுதல் தாள் வாங்கினால் அது இரண்டு பரீட்சை ஆகிவிடுமா?

ஆகஸ்ட் 9

ஆட்டம் நடுவே கரண்ட் போய்விட்டது. திறமைக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்? செல்லாது. நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்.

ஆகஸ்ட் 17

சாந்தாமணிக்கு இடுப்பில் டிஸ்க் விலகியிருக்கிறது என்று திருப்பூர் டாக்டர் சொன்னார். குனிந்து தூக்கக்கூடாது, அதிகாலைக் குளிரில் நிற்கக்கூடாது. பதினொரு வருஷமாக அவள் செய்கிற வேலையே அதுதான். காலை ஐந்துக்கு சொசைட்டி, சாயங்காலம் நாலுக்கு மறுபடி சொசைட்டி.

பஸ்ஸில் வரும்போது, "உங்க ஆயிரம் எப்பங்க முடியும்?" என்றாள்.

"தீபாவளி தாண்டி ஒரு வாரம்."

"அதுவரைக்கும் தாங்குமுங்க. முடிஞ்சு ஏதோ ஒண்ணு நெலைச்சுதுன்னா நான் வேலைய உட்டு நின்னுக்கறேன்."

ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். வலிக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்றாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆட்டம் 755. வரவு இல்லை. மறு நுழைவு மூன்று.

செப்டம்பர் 1, ஞாயிறு

மாதம் பிறந்துவிட்டது. வீட்டுச் செலவுக்குப் பதினைந்தாயிரம் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஜெயித்த பணம் என்று நினைக்கிறாள். தவறு ஒன்றுமில்லை, நோட்டுப்படி ஜெயித்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

பாஸ்புக்கில் இரண்டு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் இருக்கிறது. நோட்டுப்படி ஆறு எண்பத்தைந்து இருக்க வேண்டும். வரிப் பிடித்தம், அந்தப் பிடித்தம், இந்தப் பிடித்தம். பேங்க்காரன் கணக்கும் நம் கணக்கும் என்றைக்கு ஒத்துப்போயிருக்கிறது? ஆயிரம் முடிந்ததும் நிதானமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 6

தலைவலியோடு ஆடியது இரண்டு ஆட்டம். செல்லாது.

செப்டம்பர் 12

ஆடிக்கொண்டிருக்கும்போதே நெட் போய், இருபது நிமிஷம் கழித்து வந்தது. இருந்தும் நாலாம் இடம். நாற்பத்தோராயிரம்! இதைப் போய்ச் செல்லாது என்று தள்ள முடியுமா? முன்பக்கத்தில்தான் ஏற்றினேன். நெட் இல்லாமலே நாலாவது என்றால் நெட் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

செப்டம்பர் 20

வேலுமயில் போன் செய்தான். என்னோடு காலேஜில் இயற்பியல் நடத்தியவன், இப்போது உடுமலை ரோட்டில் ஒரு பாலிடெக்னிக்கில் பிரின்சிபால்.

"ஏப்பா சிகாமணி, மேத்ஸுக்கு ஒரு எடம் காலியாகுது. இருபத்திநாலாயிரம். காலேஜ் அளவுக்கு வராது, ஆனா மாசாமாசம் கைக்கு வந்துரும். நவம்பர் பதினஞ்சுக்குள்ள சொல்லு. உனக்கோசரம் நிறுத்தி வெச்சிருக்கேன்."

சொல்கிறேன் என்றேன். சாந்தாமணியிடமும் விஷயத்தைச் சொன்னேன். ஆயிரம் முடியாமல் எப்படிச் சொல்வது? பாதிப் பரீட்சையில் பேப்பரைப் பிடுங்கித் திருத்துவார்களா?

செப்டம்பர் 27

இன்று சாந்தாமணியால் நிமிரவே முடியவில்லை. பாத்திரம் தூக்க ஆள் வேண்டுமே என்று சாயங்காலம் நானும் சொசைட்டிக்குப் போனேன். ஒரு ஆட்டம் போயிற்று, போகட்டும்.

வரிசையில் அவளுடைய சொந்த அண்ணன் ரத்தினசாமி நின்றிருந்தார். கேனைத் திறந்து, மேலாக மொண்டு, சாம்பிள் குப்பியில் அவரே ஊற்றி நீட்டினார். இவள் வாங்கி அப்படியே கீழே கவிழ்த்தாள்.

"அண்ணா, அடியோட கலக்கிட்டு எடுங்க. ஒரு மணி நேரம் நின்ன பாலு. மேல மோந்தா வெண்ணெதான் வரும்."

"அட, கூடப் பொறந்தவங்கிட்டயுமா அம்மிணி?"

"கூடப் பொறந்தா பாலுமா கூடப் பொறந்துச்சு? ஊத்தறவுங்க கையில சாம்பிளக் குடுத்தா இந்த ஊர்ல ஒருத்தரு பாலும் தண்ணிப் பாலா இருக்காதுங்க."

அவளே கம்பியை விட்டுக் கலக்கி, நடுவிலிருந்து எடுத்தாள். கொழுப்பு நாலு பாயின்ட் மூன்றுதான் வந்தது. ரத்தினசாமிக்கு முகம் செத்துவிட்டது. அந்தக் கோபத்தை என் பக்கம் திருப்பினார். "ஏனுங் மாப்ள, சீட்டாடிச் சம்பாரிக்கறீங்களாமா? கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்குப் புத்தி எங்க போச்சுங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் சாந்தாமணி திரும்பிவிட்டாள். "அவுரு நோட்டுப் போட்டு எழுதறாருங்கண்ணா. ஒண்ணு உடாம. உங்களாட்டம் மேலால மோந்து காட்டற ஆளில்ல."

பெருமையாகத்தான் இருந்தது.

அக்டோபர் 3

ஆட்டம் 893. வரவு இல்லை.

அக்டோபர் 4

894, 895, 896, 897. வரவு இல்லை. மறு நுழைவு மொத்தம் ஒன்பது. சரியான தூக்கமில்லை என்பதால் கடைசி இரண்டையும் அடித்துவிட்டுப் பின்பக்கத்துக்கு மாற்றினேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

மூன்றாம் இடம்! 941-ஆவது ஆட்டம். எழுபத்திரண்டாயிரம்!

சாயங்காலம் நாலுக்கு உட்கார்ந்தவன் ஒன்பதரைக்குத்தான் எழுந்தேன். சாந்தாமணி சொசைட்டியிலிருந்து வந்ததும் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒன்றும் புரியாமலே, ஒவ்வொருத்தன் வெளியேறும்போதும் "போனானா? போனானா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி மூன்று பேர் என்றதும் சாமி படத்துக்கு விளக்கேற்றப் போனாள். அவள் எழுந்து போன நேரத்தில்தான் தோற்றேன். அதற்கும் அவளே வருத்தப்பட்டாள். "நான் எந்திரிச்சே இருக்கக்கூடாதுங்க."

கல்யாணமாகி இருபது வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக நாங்கள் சோறு தின்றதில்லை. வெறும் தயிர்ச்சோறுதான்.

அக்டோபர் 31

தீபாவளி. ஆட்டம் இல்லை. ரத்தினசாமி வந்து பலகாரம் தின்றுவிட்டு ஒரு குத்தல் பேச்சும் பேசாமல் போனார். எழுபத்திரண்டாயிரத்தைத் தங்கச்சி சொல்லியிருக்கிறாள் போல.

நவம்பர் 7

முடிந்தது. ஆட்டம் 1,000.

கட்டியது பதினொரு லட்சம். வந்தது பதிமூன்று லட்சத்து எழுபத்தைந்தாயிரம். லாபம் இரண்டு லட்சத்து எழுபத்தைந்தாயிரம். நூறு ரூபாய் போட்டால் நூற்றிருபத்தைந்தாகத் திரும்பி வந்திருக்கிறது. மாதம் இருபத்தேழாயிரத்து ஐந்நூறு! வேலுமயில் சொன்ன சம்பளத்தைவிட மூவாயிரத்து ஐந்நூறு அதிகம்.

நோட்டை அவளிடம் கொடுத்தேன். சாயங்காலப் பாலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்து, பக்கம் பக்கமாக விரலை வைத்துப் பார்த்தாள். முன்பக்கம் மட்டும்தான். பின்பக்கத்தை அவள் திருப்பவில்லை. கடைசியில் மூடி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கலக்கி எடுத்ததுதானுங்களே?"

"ஆமா" என்றேன்.

வேறொன்றும் கேட்கவில்லை. நோட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். ஆயுத பூஜைக்கு வைக்கிற மாதிரி.

நவம்பர் 9

அந்த ஒரு வார்த்தை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை.

ஆட்டம் நடத்துகிற தளமே எல்லாக் கட்டணத்தையும் வரிசையாகக் கொடுக்கும். கேட்டால் போதும். பத்து மாதமாக நான் கேட்டதில்லை. இன்று கேட்டேன். இருபத்தெட்டுப் பக்கம் வந்தது. எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

நான் நோட்டில் ஏற்றிய ஆட்டம் ஆயிரம். மறு நுழைவு நானூற்றுப் பன்னிரண்டு. செல்லாது என்று தள்ளியது எண்பத்தேழு. ஆக, 1,100 ரூபாய் கட்டியது 1,499 தடவை. பதினாறு லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரம். வந்தது அதே பதிமூன்று எழுபத்தைந்து. ஜெயித்ததில் ஒன்றைக்கூட நான் விட்டிருக்கவில்லை. அதுமட்டும் ரொம்பச் சுத்தம்.

நஷ்டம் இரண்டு லட்சத்து எழுபத்து மூவாயிரத்துத் தொள்ளாயிரம்.

வீட்டுச் செலவுக்கு நான் கொடுத்த ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரமும் காலேஜ் பணம். மிச்சம் ஒரு லட்சத்து எண்பத்தோராயிரத்து நூறு. இப்போது கணக்கு பாஸ்புக்கோடு பைசா சுத்தமாக ஒத்துப்போகிறது. பேங்க்காரன் மேல் தப்பில்லை.

வெட்கமாக இருக்கிறது. தப்பான சாம்பிள் எடுத்த பையன்களுக்குப் பதினெட்டு வருஷம் சிவப்பு மையில் சுழித்தவன் நான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்குத் தெரிந்துதான் இருந்தது. இல்லாவிட்டால் பின்பக்கம் என்று ஒன்றை எதற்குத் திறந்தேன்?

நவம்பர் 10, ஞாயிறு

காலையில் எழுந்ததும் வேறொரு யோசனை. 1,499 தடவை என்பதும் சின்ன சாம்பிள்தான். மேலும் கீழும் எவ்வளவு ஆடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். உண்மையான விகிதம் நஷ்டத்திலும் இருக்கலாம், லாபத்திலும் இருக்கலாம். ஐயாயிரம் ஆடினால்தான் ஓரளவுக்குச் சொல்ல முடியும். பத்தாயிரம் இருந்தால் நல்லது. கணிதப்படி இதில் பிழையே இல்லை, யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

சாந்தாமணியிடம் காட்ட முடியாது.

நவம்பர் 11

இன்று சொல்லலாம் என்றிருந்தேன். அவளுக்கு வலி அதிகம், ஒத்தடம் கொடுத்தேன். நாளை.

நவம்பர் 12

சொல்லவில்லை.

நவம்பர் 13

ஒரு வழி தோன்றியது. சொல்லவே வேண்டாம். பேசாமல் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டால்? சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த ஆசையாக இருக்கிறது என்று சொன்னால் நம்பிவிட்டுப் போகிறாள். இருபத்திநாலாயிரம் வரும். அவளும் நின்றுகொள்ளலாம். இந்த நோட்டை அடுப்பில் போட்டுவிடலாம். ஒரு வாரத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசானது. பதினைந்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. வேலுமயிலைக் கூப்பிட்டேன்.

"என்னப்பா இப்ப வந்து கேக்கற? நேத்துக் காலையிலயே உன்ற சம்சாரம் கூப்புட்டாங்களே!"

"யாரு, சாந்தாமணியா?"

"ஆமாம்பா. 'அவுருக்கு இங்கயே நல்லாப் போகுதுங்க. உங்குளுக்கும் அலைச்சல் வேண்டாம், வேற யாராச்சும் கஷ்டப்படறவுங்களுக்குக் குடுங்க'ன்னாங்க. எவ்வளவு பெருமையாச் சொன்னாங்க தெரியுமா? கோபியில ஒரு பொண்ணு காத்துட்டிருந்துச்சு, நேத்தே ஆர்டர் குடுத்தாச்சு. சிகாமணி? லைன்ல இருக்கறயா?"

இருக்கிறேன் என்றேன்.

அந்தக் கோபிப் பெண் நல்லபடியாக நடத்தட்டும். அவள்மேல் எனக்கு என்ன கோபம்?

சாயங்காலம் சாந்தாமணியிடம் கேட்டேன். "ஏன் என்னைக் கேக்காம சொன்னே?"

"உங்களுக்குப் பழகுன மனுசன்கிட்ட மாட்டேன்னு சொல்ல நாக்கு எழாதுங்களே. அதான் நானே சொல்லிப்போட்டேன்." சிரித்தாள். "தப்புங்களா?"

"தப்பில்லை."

நவம்பர் 18

எங்கே போய் முடியும் என்று பயந்தேனோ அங்கேதான் வந்து நின்றது. சொசைட்டியிலிருந்து ஒரு வெள்ளைத் தாள் வாங்கி வந்து என் முன்னால் வைத்தாள்.

"ராஜினாமா எழுதித் தாங்க. நான் எழுதுனா கோணக்கமாணையா இருக்கும்."

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமே" என்றேன்.

"ஏனுங்க? ஆயிரம்தான் முடிஞ்சுதல்ல? எனக்கு முடியலைங்க. நெசமாலும் முடியலை. காலையில கேனைப் பாத்தாலே கண்ணுல தண்ணி வருது. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன், ஆட்டத்துல மனசு சிதறிரும்னு."

இருபது வருஷத்தில் முடியலை என்று அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டும். 'சாந்தாமணி, நான் மேலால மோந்துட்டேன்.' நாலு வார்த்தை. அவளுக்கு அதற்கு மேல் விளக்கமே வேண்டியிருக்காது. ஆனால் சொன்னால் நாளை காலை ஐந்து மணிக்கு அவள் மறுபடி அந்தக் கேன் முன்னால் போய் நிற்க வேண்டும். வேறு வழியில்லை, வீட்டில் வேறு சம்பளம் இல்லை. சொல்லாவிட்டால், அவள் சம்பளமும் இல்லாமல், மிச்சப் பணத்தில் ஆறேழு மாதம் அவள் படுத்துக்கொள்ளலாம். பிறகு?

பேனாவை எடுத்து எழுதினேன். உடல்நிலை காரணமாக, நவம்பர் 30 முதல், பணியிலிருந்து விடுவிக்கும்படி. மூன்று வரி. ஒரு பிழை இல்லை. அவள் கீழே கையெழுத்துப் போட்டாள்.

நவம்பர் 24, ஞாயிறு

ஏழாம் தேதிக்குப் பிறகு நான் ஆடவில்லை. "ஏனுங்க, லீவா?" என்று கேட்டாள். ஆமாம், ஆயிரம் ஆடிய களைப்பு என்றேன். முதுகில் தைலம் தேய்த்துவிட்டாள். என் முதுகில், அவள்.

நவம்பர் 30

சொசைட்டியில் வழியனுப்பு. செயலாளர் சால்வை போர்த்தினார். பால் ஊற்றுகிறவர்கள் சேர்ந்து எவர்சில்வர் தூக்குப்போசி ஒன்று வாங்கித் தந்தார்கள். ரத்தினசாமி பேசும்போது, "எந்தங்கச்சி எம்பாலயே கீழ ஊத்துனவ. அவ கணக்குல ஒரு சொட்டுப் பொய் இருக்காது" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்.

வீட்டுக்கு வந்து தூக்குப்போசியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இனி நம்மூட்டுக்கு உங்க கறவைதானுங்க."

டிசம்பர் 1, ஞாயிறு

மணி ஆறே கால். சாந்தாமணி தூங்குகிறாள். நாலரை அலாரத்தை நேற்றே எடுத்துவிட்டாள். பதினொரு வருஷத்தில் வெளிச்சம் வந்த பிறகும் அவள் தூங்கி நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஒருக்களித்துப் படுத்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு, வலியில்லாத முகம்.

கடைக்குப் போய்ப் பாக்கெட் பால் வாங்கி வந்தேன். காய்ச்சி வைத்திருக்கிறேன். பீரோவில் வீட்டுச் செலவுக்குப் பதினைந்தாயிரம் எடுத்து வைத்தேன். எழுந்ததும் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

சொல்ல வேண்டுமானால் எழுப்ப வேண்டும். இரண்டு தடவை கட்டில் வரைக்கும் போய்விட்டு வந்தேன்.

நாலு மணிக்கு ஆட்டம். நோட்டில் கோடு போட்டு வைக்கலாம் என்று எடுத்தேன். மஞ்சள் அட்டையில் காய்ந்து உதிர்கிறது. எந்த எண்ணைப் போடுவது? 1,500 என்றுதான் போட வேண்டும்.

1,001 என்று போட்டேன்.